அண்ணன் வீட்டு வழியாக ஒரு கம்பி

24-5-2021, திங்கள்

இன்று முதல் முழு ஊரடங்கு. காய்கறி வண்டி வந்து போனதோடு தெரு செத்துவிட்டது.

பகவதி மச்சு அறைக்குப் போய் நான்கு நாள் ஆகிறது. பெங்களூரிலிருந்து வந்து இறங்கின மறுநாளே காய்ச்சல். பரிசோதனையில் கொரோனா என்று வந்துவிட்டது. பதினேழு நாள் தனியாக இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். நான் வெளிப்படியில் ஏறி, தட்டை வாசலில் வைத்து, கதவைத் தட்டிவிட்டு, அவள் திறப்பதற்குள் இறங்கிவிட வேண்டும். பெற்ற மகளுக்குத் தபால்காரன் மாதிரி சோறு கொடுக்கிறேன். ஆக்சிஜன் 97. காய்ச்சல் 99.4. இந்த இரண்டையும் எழுதி வைக்கத்தான் இந்த நோட்டையே எடுத்தேன்.

மத்தியானம் செல்லில் கூப்பிட்டாள். மச்சில் நெட் சுத்தமாக இல்லையாம். எப்படி இருக்கும்? எங்கள் அப்பா கட்டின வீடு. ஒன்றரை அடிச் சுவர், சுண்ணாம்புக் காரை. ஹாலில் இருக்கிற வைஃபை அடுக்களையைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கிவிடும். செல் சிக்னல் அந்த அறையில் ஒரே ஒரு கோடு, அதுவும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால். பேச்சு கேட்கும். படம் வராது.

"அப்பா, நாலாம் தேதி வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஒரு மீட்டிங் இருக்கு. வீடியோல. அன்னைக்கு லைன் விட்டுப் போச்சுன்னா எல்லாம் போச்சுப்பா."

"ஆபீஸ் மீட்டிங்கா?"

"மீட்டிங்தான்" என்றாள்.

முப்பத்தாறு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பழுது பார்த்தவன் நான். பாளையங்கோட்டையில் பாதிப் பேருக்கு லைன் கொடுத்தவன் சொந்த மகளுக்கு மச்சுக்கு ஒரு லைன் கொடுக்க மாட்டேனா? இன்னும் பதினோரு நாள் இருக்கிறது.

25-5, செவ்வாய்

வயர் வாங்கலாம் என்றால் கடை இல்லை. ஆன்லைனிலும் வராது. என்னிடம் ஒரு சுருள் நல்ல வயர் இருந்தது. அதை என் வீட்டுக்காரி வடிவு போன வருடம் துண்டு துண்டாக நறுக்கிப் பாகற்காய்ப் பந்தல் கட்டிவிட்டாள். கேட்டால், "ரெண்டு வருசமா பரண்ல சும்மாதான கெடந்தது" என்கிறாள். பாகற்காய் என்னவோ நன்றாகக் காய்க்கிறது.

அப்போதுதான் சுவருக்குள் இருக்கிற பழைய டெலிபோன் கம்பி ஞாபகம் வந்தது. தொண்ணூற்று நாலில் நானே குழாய் பதித்து இழுத்தது. ஹாலில் ஒரு முனை, மச்சில் ஒரு முனை. 2019இல் ஃபைபர் வந்ததும் பழைய லைனை வாசல் சுவரோடு அறுத்துவிட்டார்கள். உள்ளே கம்பி அப்படியே கிடக்கிறது. அதில் நெட்டை ஏற்றலாம். என்னோடு வேலை பார்த்த மேலப்பாளையம் செய்யது மசூது, நான் ரிட்டயர் ஆன அன்றைக்கு இரண்டு பெட்டிகளைக் கொடுத்தான். ஒரு லாட்ஜில் கழற்றிப் போட்டவை. ஒன்றைக் கீழே மோடத்தோடு மாட்ட வேண்டும், இன்னொன்றை மேலே கம்ப்யூட்டரோடு. நடுவில் சாதாரண டெலிபோன் கம்பி போதும். பெட்டியில் பச்சை விளக்கு விட்டு விட்டு எரிந்தால் இன்னொரு பெட்டியைத் தேடுகிறது. நின்று எரிந்தால் கிடைத்துவிட்டது. வேறு சூட்சுமம் இல்லை.

ஹாலிலிருந்து மச்சுக்கு அந்தக் கம்பி எந்த வழியாகப் போகிறது என்று எனக்குத் தெரியும். அதை இப்போது எழுத அவசியம் இல்லை.

26-5, புதன்

மேல்பெட்டியை இட்லித் தட்டோடு வைத்துவிட்டு வந்து, கீழிருந்து செல்லில் சொல்லிக்கொடுத்தேன்.

"சுவத்துல வெள்ளை டப்பா இருக்கா? அதுல ரெண்டு ஸ்க்ரூ. இடது பக்கம் இருக்கதை முதல்ல..."

"அப்பா, நான் எம்சிஏ படிச்சிருக்கேன்."

"எம்சிஏல இதைச் சொல்லித் தந்தானா?"

"இல்ல. நீங்கதான் சொல்லித் தந்திய. அஞ்சாங்கிளாஸ் லீவுல. அன்னைக்கு மணி அடிச்சு ஷாக் வாங்கி அழுதேம்லா?"

சிரித்தாள். இந்தத் தடவை வந்ததிலிருந்து அவள் சிரித்து இப்போதுதான் கேட்கிறேன். சிரிப்பின் முடிவில் இருமல் வந்துவிட்டது.

மாட்டினாள். விளக்கு விட்டு விட்டு எரிந்தது. அரை மணி நேரத்தில் ஒரே ஒரு தடவை நின்று எரிந்தது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் "வந்துட்டு" என்று கத்தினோம். பத்து விநாடிகூட இல்லை. பழையபடி விட்டு விட்டு எரிய ஆரம்பித்தது.

"மாப்பிள்ளை போன் பண்ணினாரா? எப்படி இருக்கேன்னு கேட்டாரா?"

"தட்டை வெளிய வச்சிருக்கேன்ப்பா. எடுத்துக்கிடுங்க."

நாலு மணிக்குக் காப்பி கொண்டுபோனபோது அறைக்குள் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். ஒரு கோடு சிக்னலில் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு. ஆபீஸாக இருக்கும்.

27-5, வியாழன்

பழைய முள் மீட்டரைத் தேடி எடுத்துக் கம்பியைச் சோதித்தேன். ஹாலில் இருந்த போன், மச்சில் இருந்த போன் இரண்டையும் ஏற்கெனவே கழற்றியாகிவிட்டது. வெறும் கம்பிதான். வெறும் கம்பி என்றால் முள் அசையக்கூடாது. ஆனால் மீட்டரை வைத்ததும் முள் ஒரு துள்ளுத் துள்ளி எழும்பித் திரும்பப் படுத்துக்கொண்டது. மாற்றி வைத்தேன். திரும்பவும் ஒரு துள்ளு.

சுவரில் ஈரம் என்று நினைக்கிறேன். நாளைக்கு மறுபடி பார்க்க வேண்டும்.

28-5, வெள்ளி

ஆக்சிஜன் 98. காய்ச்சல் இல்லை. உளுந்தங்கஞ்சி. முள் துள்ளுகிறது.

29-5, சனி

ஈரம் இல்லை. ஈரமாக இருந்தால் முள் ஏறி அப்படியே நிற்கும், துள்ளி விழாது. முந்தாநாள் அதை எழுதும்போதே எனக்குத் தெரியும். என் நோட்டில் நானே பொய் எழுதி யாரை ஏமாற்றப் பார்த்தேனோ.

மசூதுக்கு போன் போட்டேன். மேலப்பாளையத்தில் அவன் தெருவைக் கம்பு கட்டி அடைத்திருக்கிறார்களாம். முள் துள்ளுகிறது என்று நான் சொல்லி முடிக்கவில்லை.

"ஏல ஆவுடை, இதுக்கா போன் பண்ணின? பழைய மணி போன் ஒண்ணு லைன்ல மாட்டிக் கெடக்கு. அதைப் பிடுங்கி விடு, பெட்டி ரெண்டும் கொஞ்சிக்கிடும்."

"எங்க வீட்டுல எல்லாத்தையும் கழட்டியாச்சு."

"அப்பம் உங்க அண்ணன் வீட்டுல பாரு."

செல்லை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"இன்னுமா பேசிக்கிடல? வெளங்கும்ல. எத்தன வருசம்?"

பத்து வருடம். சரி, எழுதிவிடுகிறேன்.

அப்பா கட்டின வீட்டில் நடுச்சுவருக்கு மேற்கே அண்ணன் சங்கரநயினாரும் மைனியும், கிழக்கே நான். நடுவில் ஒரு கதவு, சாத்தினதே கிடையாது. டிபார்ட்மெண்டில் எனக்கு போன் கொடுத்தபோது, மூத்தவர் இருக்கும்போது இளையவன் ஹாலில் போன் எப்படி இருக்கலாம் என்று முதல் இணைப்பை அண்ணன் ஹாலில் வைத்தவன் நான்தான். அங்கே ஒரு டப்பா. அந்த டப்பாவிலிருந்து ஒரு கம்பி என் ஹாலுக்கு, ஒரு கம்பி மச்சுக்கு. வாத்தியார் வேலை பார்த்த அண்ணன், "எதுக்குடே இவ்வளவு மரியாத, ஒன் வீட்டுலயே வச்சுக்கயேன்" என்றார். நான் கேட்கவில்லை. ஆகவே என் ஹாலிலிருந்து என் மச்சுக்குப் போகிற கம்பி அண்ணன் வீட்டுக்குள் போய்த்தான் திரும்பி வருகிறது.

மூன்று போனுக்கும் ஒரே நம்பர். ஒன்றில் டயலைச் சுற்றினால் மற்ற இரண்டிலும் மணி "ணிங் ணிங்" என்று சன்னமாக முனகும். ஒருவர் பேசும்போது இன்னொருவர் எடுத்தால் "டிக்" என்று கேட்கும், குரல் சிறுத்துப்போகும். எடுத்தவர் உடனே வைத்துவிட வேண்டும். அது எங்கள் வீட்டுச் சட்டம்.

2011இல் கதவை அடைத்தபோது அண்ணன் வீட்டு போனையும் வெட்டிவிட்டேன் என்று தெருவில் சொன்னேன். அவர் வீட்டுக்குள் போகாமல் எப்படி வெட்டுவது? வெட்டவில்லை.

அந்த போன் இன்னும் அங்கே மாட்டியபடி இருக்கிறது. லைன் செத்து இரண்டு வருடம் கழித்தும் மாட்டியபடி இருக்கிறது. அதைச் சுவரிலிருந்து பிடுங்க இரண்டு விநாடி போதும்.

30-5, ஞாயிறு

காலையில் வடிவு பாகற்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "வெள்ளிக்கிழமை என்ன மீட்டிங்னு நெனச்சிய?"

"ஆபீஸ்."

"கோர்ட்டு. ரெண்டு பேரும் சம்மதம்னு எழுதிக் குடுத்தாச்சாம். வெள்ளிக்கிழமை ஜட்ஜ் வீடியோல கேப்பாராம், அதோட முடிஞ்சுது. அவ வரலைன்னா தள்ளிப் போட்டுருவாகளாம். அந்தப் பையன் அடுத்த மாசம் கனடா போறான். பொறவு அவனை எங்க போய்ப் பிடிக்க?"

அடுத்த பாகற்காயை எடுத்துப் பலகையில் வைத்தாள்.

"ரெண்டு வருசமா அவ ஹாஸ்டல்லதான் இருக்கா. ஆபீசுக்குப் பக்கம்னு உங்ககிட்டச் சொன்னது பொய்."

"ஏன் என்கிட்டச் சொல்லல?"

"சொன்னாளே. முதல் வருசத் தீபாவளிக்கு வந்தப்பமே உங்ககிட்டத்தான முதல்ல சொன்னா."

சொன்னாள். அவர் ரொம்பக் கோபப்படுகிறார் என்றாள். போகப் போகச் சரியாயிரும் என்றேன். அப்புறம் அவள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அப்படி நினைக்க எனக்கு வசதியாக இருந்தது.

"அவ செல்லை வாங்கி வாங்கிப் பாப்பானாம். யாருகிட்டப் பேசின, எதுக்குப் பேசினன்னு. நம்ம வீட்டு நம்பர்னா மட்டும் ஒண்ணும் கேக்க மாட்டானாம். அதனாலதான் தெனமும் நாலு மணிக்கு டீ குடிக்க வெளிய வாறப்பம் வீட்டு போனுக்குக் கூப்பிடுவா, பாவம். அதுவும் எனக்கு இப்பந்தான் சொன்னா."

நாலு மணிக்கு நான் எக்ஸ்சேஞ்சில் இருப்பேன். வடிவு அப்போது பால்வாடி டீச்சர், அவள் வந்து சேர ஐந்தாகும். ஆள் இல்லாத வீட்டுக்கு எதற்குக் கூப்பிட்டாள்? வடிவுக்கும் தெரியவில்லை. மனசு கேட்காமல் சும்மா மணி அடிக்க விட்டிருப்பாள் போல.

31-5, திங்கள்

முதுகு வலி. கம்பி வேலை பார்க்கவில்லை.

1-6, செவ்வாய்

முதுகு வலி என்று எழுதிவிட்டுப் பேசாமல் இருக்கலாம். ஆனால் வலி எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை இந்தக் கம்பி வேலை செய்யவில்லை என்றால் கேஸ் தள்ளிப்போகும். தள்ளிப்போனால் இரண்டு பேருக்கும் மனசு மாறலாம். நான் எதையும் கெடுக்க வேண்டியதில்லை. சும்மா இருந்தாலே போதும். இரண்டு நாளாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

மத்தியானம் பகவதி கூப்பிட்டாள். "அப்பா, அம்மா சொல்லிட்டாளாம்."

"ம்."

"லைன் என்னாச்சு?"

"பாத்துக்கிட்டு இருக்கேன். லேசுப்பட்ட வேலை இல்ல."

"முடியலைன்னா சொல்லுங்கப்பா. நான் மொட்டை மாடில நின்னு பேசிக்கிடுதேன். அங்கன சிக்னல் கொஞ்சம் வருது. தெரு கேட்டா கேட்டுட்டுப் போகுது."

"என்னம்மா பேசுத? தெருவுல என்ன நெனைப்பாக?"

அவளுக்குக் கோபமே வரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "ஒரு தடவை முன்பல்லு ஆடுதுன்னு சொன்னேம்லா, ஞாபகம் இருக்கா? பாத்ரூம்ல வழுக்கிட்டேன்னு? பாத்து நடக்கக் கூடாதாட்டின்னு கேட்டிய."

ஞாபகம் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் வைத்து அழுத்து என்றும் சொன்னேன்.

"நான் வழுக்கலப்பா" என்றாள்.

போனை வைத்த பிறகு வெகுநேரம் மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன மனுசன் நான்.

2-6, புதன்

காலை ஏழு மணிக்குச் சட்டை போட்டேன். அண்ணன் வீட்டு வாசலுக்கு எண்ணிப் பத்தடி. செருப்பை மாட்ட எட்டு மணி ஆகிவிட்டது.

கேட் சாத்தியிருந்தது. ஜன்னல் வழியாக ஹால் தெரிந்தது. போன் அதே ஸ்டூலில் இருக்கிறது. மேலே பூப்போட்ட துணி உறை. மைனி தைத்ததாகத்தான் இருக்கும். உள்ளே அண்ணன் செய்தித்தாளை மடிக்கிற சத்தம் கேட்டது. பேப்பர் மடிப்பதை அவர் அப்பாவிடம் கற்றார், நாலு மூலையும் ஒட்ட வேண்டும். "அண்ணே" என்று ஒரு சொல். மூன்றே எழுத்து. வாய் திறந்தேன். மூடிக்கொண்டேன். திரும்பி வந்துவிட்டேன்.

அன்றைக்கு நடந்ததையும் எழுதிவிடுகிறேன். பகவதிக்கு நிச்சயம் பண்ணின வாரம். போன் பேசலாம் என்று எடுத்தேன். அண்ணன் பேசிக்கொண்டிருந்தார். சட்டப்படி நான் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. "அந்த வீட்டுல எங்க பிள்ளையக் குடுக்கப்படாது, எப்படியாவது நிறுத்தணும்" என்றார் யாரிடமோ. நான் கேட்டது அவ்வளவுதான். அடுத்த நிமிடம் அவர் ஹாலில் நின்று கத்தினேன். அவர் எழுந்து வந்து, "ஆவுடை, சத்தம் போடாத. நான் விசாரிச்சேன். பையனுக்குக் கை நீட்டுத பழக்கம் இருக்காம். பெத்த தாயையே அடிச்சிருக்கானாம்" என்றார். எனக்குப் பொறாமை என்று பட்டது. அவருக்கும் மைனிக்கும் குழந்தை கிடையாது.

"பிள்ளை பெறாதவனுக்கு என் பிள்ளையப் பத்தி என்ன பேச்சு" என்றேன்.

மைனி பின்னால் எனக்குக் காப்பியோடு நின்றுகொண்டிருந்தாள். அண்ணன் உள்ளே போய்விட்டார். அடுத்த வாரம் கொத்தனாரைக் கூட்டிவந்து நடுக்கதவைச் செங்கல் வைத்து அடைத்தேன். கல்யாணத்துக்கு அவர்கள் வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை.

அவர் சொன்னது அத்தனையும் சரி. அதனால்தான் அந்த கேட்டைத் திறக்க முடியவில்லை. தப்பாக இருந்திருந்தால் என்றைக்கோ போயிருப்பேன்.

சாயங்காலம் வடிவிடம் கம்பி எங்கே தடுக்கிறது என்று சொன்னேன். "இவ்வளவுதானா?" என்றாள்.

3-6, வியாழன்

பெட்டியைத் துடைத்து மாட்டினேன். முனைகளைச் சுரண்டி மாட்டினேன். பந்தல் வயரைப் பிரித்து முடிச்சுப் போட்டுப் பார்த்தேன், எல்லாம் துரு. பாகற்கொடி சரிந்ததுதான் மிச்சம். ஒன்றும் நடக்கவில்லை. நாளைக்குக் காலை பதினோரு மணி. வேறு என்ன செய்ய என்று எனக்குத் தெரியவில்லை. என்னிடம் இருந்த வித்தையெல்லாம் தீர்ந்துவிட்டது.

வடிவு புறவாசலில் இருந்தாள். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வளையல் போட்ட கை ஒன்று முருங்கைக்கீரையை நீட்ட, இவள் வாங்கிக்கொண்டாள். என்னைப் பார்த்ததும் கை போய்விட்டது.

"எத்தன நாளா இது?"

"எது, கீரையா?" என்றாள் வடிவு. "பத்து வருசமா நீங்கதான பேசல. நாங்க என்ன பண்ணினோம்?"

4-6, வெள்ளி

ஒன்பதரைக்கு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. பத்து மணிக்கும் அப்படியேதான். பகவதி செல்லில், "பரவால்லப்பா, நான் மாடிக்குப் போறேன்" என்றாள். வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, பாதி தேறின உடம்போடு, தெருவே பார்க்க அவள் நின்று ஜட்ஜுக்குப் பதில் சொல்வதை நினைத்துப் பார்த்தேன். எழுந்தேன். செருப்பு மாட்டவில்லை. இந்தத் தடவை கூப்பிட்டுவிடுவது என்றுதான் எழுந்தேன், சத்தியமாக.

வாசல்படி தாண்டவில்லை. "விளக்கைப் பாருங்க" என்றாள் வடிவு.

பச்சை நின்று எரிந்தது. மணி 10.40.

மீட்டரை எடுத்து வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. யார் பிடுங்கினார்கள் என்று தெரிந்ததுதானே. பெட்டிக்கு முன்னால் முக்காலி போட்டு, அடுப்பில் பால் வைத்தவன் மாதிரி அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தேன். பதினொன்று இருபதுக்குப் பக்கத்துச் சின்ன விளக்கு படபடவென்று அடித்தது. என் மகள் பேசுகிறாள். என்ன பேசுகிறாள் என்று தெரியாது. நான் செய்த கல்யாணச் செலவு, நான் போட்ட பந்தல், நான் அச்சடித்த பத்திரிகை எல்லாம் அந்தக் கம்பி வழியாகப் போய்க்கொண்டிருந்தது. நான் பதித்த கம்பி. பதினொன்று முப்பத்தொன்றுக்கு அடிப்பது நின்றது.

"முடிஞ்சுதுப்பா" என்றாள் செல்லில். "நல்லாக் கேட்டுது. ஒரு தடவைகூட விட்டுப் போகல."

"சரிம்மா. கஞ்சி சூடா இருக்கு, கொண்டு வாரேன்."

படியில் ஏறும்போது அழுகை வந்துவிட்டது. தட்டை வைத்துவிட்டு, தட்டாமல் இறங்கி வந்துவிட்டேன்.

5-6, சனி

விளக்கு திரும்பவும் விட்டு விட்டு எரிகிறது. மீட்டர் வைத்தேன். முள் துள்ளியது.

வேலை முடிந்ததும் அண்ணன் போனைத் திரும்ப மாட்டிவிட்டார். செத்த லைனில் எதற்கு அந்த போன்? பகவதியிடம் சொன்னேன். "மாட்டிக்கிடட்டும்ப்பா. இனிமே எனக்கு அவசரம் இல்ல" என்றாள். எதற்கு என்று அவள் கேட்கவே இல்லை.

8-6, செவ்வாய்

பகவதி நேற்று கீழே வந்தாள். ஐந்து கிலோ இளைத்திருப்பாள். இன்று மத்தியானம் ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு ஹாலிலேயே தூங்கிப்போனாள். செல்லை அணைத்து வைத்திருந்தாள். நான் ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டு மச்சுக்குப் போனேன்.

இரண்டு நாளாக ஒரு யோசனை. நேரில் போய் நிற்க எனக்குத் தைரியம் இல்லை என்று நிரூபணம் ஆகிவிட்டது. ஆனால் கம்பி இருக்கிறது. இந்தப் பக்கம் ஒரு போன், அந்தப் பக்கம் ஒரு போன். நடுவில் கொஞ்சம் மின்சாரம் கொடுத்தால் எக்ஸ்சேஞ்ச் இல்லாமலே இரண்டும் பேசும். லைன்மேன்கள் நாங்கள் கம்பத்துக்குக் கம்பம் அப்படித்தான் பேசிக்கொள்வோம். பெட்டிகளுக்கு இனி வேலை இல்லை. அவற்றின் அடாப்டர்கள் இரண்டையும் தொடராக இணைத்தேன். பன்னிரண்டும் பன்னிரண்டும் இருபத்துநாலு வோல்ட், அதற்குப் போதும். பரணிலிருந்து பழைய டயல் போனை இறக்கி மாட்டினேன். காதில் வைத்தால் லேசாக "ம்ம்ம்" என்று இரைச்சல். உயிர் வந்துவிட்டது.

அண்ணே, நான் ஆவுடை. அன்னைக்குச் சொன்னதுக்கு என்னை மன்னிச்சிருங்க. இதைத் துண்டுத்தாளில் எழுதி எதிரே வைத்துக்கொண்டேன். நாக்கு புரளாவிட்டால் வாசித்துவிடலாம்.

சைபரில் விரலை விட்டுச் சுற்றினேன். டயல் கிறுகிறுவென்று திரும்பியது. ஜன்னலுக்குக் கீழே அண்ணன் வீட்டுக்குள் சன்னமாக "ணிங் ணிங் ணிங்" என்றது. மணி அடிப்பதுகூட இல்லை, முனகல். அது நின்றது. இன்னொரு தடவை சுற்றினேன். நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

டிக்.

இரைச்சல் சிறுத்தது. அண்ணன் மூச்சு கேட்டது. அவருக்கு இழுப்பு வந்திருக்கிறது, எனக்குத் தெரியாது.

"யாரு, பகவதியா?" என்றார்.

துண்டுத்தாள் கையில்தான் இருந்தது.

"மணி நாலாச்சே, இன்னும் செல்லுல கூப்பிடலையேன்னு இப்பந்தான் பெரியம்மைகிட்டச் சொன்னேன். நீ என்னடான்னா பழைய போன்ல கூப்பிடுத. இதுக்கு எப்படிம்மா உயிர் வந்தது? பாத்தியா, லைன் செத்தாலும் கழட்டாதீகன்னு நீ சொன்னது நல்லதாப் போச்சு." இருமினார். "காப்பி குடிச்சியா? தெம்பா இருக்கியா? அந்த வக்கீலம்மா பேசினா. பேப்பரெல்லாம் தபால்ல வந்துருமாம், நீ ஒண்ணும் அலைய வேண்டாம்."

நாலு மணி. ஆள் இல்லாத வீடு. நான் வெட்டியதாகச் சொல்லி வெட்டாமல் விட்ட கம்பி. எட்டு வருடம் தினமும் அது இங்கே என் ஹாலிலும் மணி அடித்திருக்கிறது, அங்கே அண்ணன் எடுத்துப் பேசியிருக்கிறார். நான் டியூட்டியில் இருந்தேன்.

"ஏம்மா பேச மாட்டேங்க? உங்கப்பன் ஏதும் சொன்னானா?"

வீட்டுச் சட்டப்படி நான் வைத்திருக்க வேண்டும். இது எனக்கு வந்த பேச்சு இல்லை. வைக்க முடியவில்லை. தாளில் இருந்த எழுத்து தெரியவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தும் தெரியவில்லை. மூக்கை உறிஞ்சினேன், அது அவருக்குக் கேட்டுவிட்டது.

"ஏம்மா அழுத? அழப்படாது. எல்லாம் முடிஞ்சு போச்சுல்லா? எதுன்னாலும் பெரியப்பா இருக்கேன். என்ன?"

"ம்" என்றேன்.